டேப்பின் பித்தளை வளையம்

வீட்டுக்கு விலை சொல்வது என் தொழில். வாங்க மாட்டேன், விற்க மாட்டேன், தரகும் கிடையாது. போய்ப் பார்த்து, அளந்து, இந்த வீடு இவ்வளவு பெறும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு வங்கியில் கொடுப்பேன். வங்கி அதில் கடைசிப் பக்கத்துத் தொகையை மட்டும் பார்த்துவிட்டுக் கடன் கொடுக்கும், அல்லது கொடுக்காது. மதிப்பீட்டாளர் என்று தமிழில் பலகை எழுதி மாட்டினால் மைசூரில் படிக்க ஆள் தேட வேண்டும். கன்னடத்தில் எழுதினால் எனக்கே கூச்சமாக இருந்தது. ‘வேல்யுவர்’ என்று ஆங்கிலத்தில் எழுதி வைத்தேன். அது டிரைவருக்கு ஒரு படி மேலான வேலை என்று என் மாமியார் கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்தார். நான் திருத்தவில்லை. டிரைவருக்காவது லைசென்ஸ் உண்டு. எனக்கு அப்போது அதுவும் இல்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இந்தத் தொழிலுக்கென்று எங்கள் ஊரில் தனிப் படிப்பு எதுவும் இருக்கவில்லை. சிவில் இஞ்சினியரிங் முடித்தவனுக்கு வீடு கட்டத் துப்பில்லாவிட்டால், பிறர் கட்டியதற்கு விலை சொல்லலாம் என்பது நடைமுறை. நான் இரண்டு வீடு கட்டிக் கொடுத்தேன். இரண்டும் இன்றும் நிற்கின்றன. கட்டச் சொன்னவர்கள்தான் என்னிடம் பேசுவதில்லை. மூன்றாவதாக ஒரு வங்கி மேலாளருக்குக் காம்பவுண்டுச் சுவர் எழுப்பிக் கொடுத்தேன். அது ஒரு மழைக்காலம் முழுக்கத் தாங்கியதும், அவர் மனமிளகி என்னைத் தம் கிளையின் மதிப்பீட்டாளர் பட்டியலில் சேர்த்துக்கொண்டார். என்னுடைய தொழில்முறைத் தகுதி அந்தச் சுவர்தான்.

அந்தப் பட்டியலில் எனக்கு முன்பே ஒருவர் இருந்தார். கொள்ளேகால்காரர். பாலிடெக்னிக்கில் டிப்ளமா படித்தவர். என்னைவிட ஏழெட்டு வயது பெரியவர் என்பதால் அவரை நான் அண்ணா என்பேன். அவர் என்னை ‘இஞ்சினியரே’ என்பார். அந்த ஒரு சொல்லில் மரியாதை எத்தனை பங்கு, குத்தல் எத்தனை பங்கு என்று என்னால் கடைசிவரை மதிப்பிட முடியவில்லை.

எங்களைச் சேர்த்துவைத்தது டேப். நூறடி டேப்பை ஒருவன் தனியாகப் பிடிக்க முடியாது. ஒரு முனையில் பித்தளை வளையம் இருக்கும். அதைச் சுவரின் மூலையில் வைத்து ஒருவர் அழுத்திப் பிடிக்க வேண்டும். மறுமுனை வட்டமான தோல் பெட்டிக்குள் சுருண்டிருக்கும். அதை இழுத்துக்கொண்டே போய் அடுத்த மூலையில் இன்னொருவர் எண்ணைப் படிக்க வேண்டும். தனியாக ஓர் ஆளைச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ள எங்கள் இருவருக்குமே கட்டுப்படியாகாது. ஆகவே எனக்கு வந்த வேலைக்கு அவர் வளையம் பிடித்தார். அவருக்கு வந்த வேலைக்கு நான் பிடித்தேன். என் ஸ்கூட்டரில் அவர் பின்னால் உட்கார்ந்து, தோல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வருவார். தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு யாரோ நாதஸ்வரக் கச்சேரிக்குத் துணைக்கருவியோடு போவதுபோல் இருந்திருக்கும்.

சேர்ந்து வேலை பார்க்கத் தொடங்கிய புதிதில் சரஸ்வதிபுரத்தில் ஒரு வீடு. அண்ணா வரத் தாமதமாகிவிட்டது. வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற பேராசிரியர், தங்கமான மனிதர். “நான் பிடிக்கிறேன், கொடுங்கோ” என்று வளையத்தை வாங்கிக்கொண்டார். நான் மறுமூலையில் எண்ணைப் படித்துக் குறித்துக்கொண்டிருந்தேன். அப்போது அண்ணா கேட்டைத் திறந்துகொண்டு வந்தவர், நேரே என்னிடம் வராமல் அந்தப் பக்கம் போய் நின்றார்.

“ஏனுங்க ஐயா, செம்பருத்திச் செடிக்கும் சேர்த்தா கடன் வாங்கறீங்க?”

எட்டிப் பார்த்தேன். பேராசிரியர் சுவர் மூலையைத் தாண்டிச் செடிக்குள் நின்றுகொண்டிருந்தார். வளையம் ஒரு பூவுக்குப் பக்கத்தில் இருந்தது. அவருக்கே தெரியாது என்பதை அவர் முகமே சொன்னது. ஏமாற்ற வேண்டும் என்று நினைக்கிற மனிதரல்ல. சொந்த வீட்டை அளக்கும்போது கை தானாகக் கொஞ்சம் வெளியே போயிருக்கிறது, அவ்வளவுதான்.

திரும்பி வரும்போது ஸ்கூட்டரில் பின்னாலிருந்து அண்ணா என் காதுக்குள் கத்திக்கொண்டே வந்தார்.

“உடமக்காரன் கையில வளையத்தக் குடுக்கறதும், பரிச்ச எழுதறவன் கையிலயே மார்க்குப் போடச் சொல்றதும் ஒண்ணுதான் இஞ்சினியரே. இதுக்கு நாலு வருசம் காலேஜா?”

“அவர் நல்லவர் அண்ணா.”

“நல்லவன் ஊடுன்னா இன்னும் சாஸ்தி வளரும். கெட்டவன் பயந்துக்கிட்டாவது சுவத்துல புடிப்பான்.”

அன்றிலிருந்து எங்களுக்குள் இரண்டு விதிகள் ஏற்பட்டன. வீட்டுக்குச் சொந்தக்காரர் வளையத்தைத் தொடக் கூடாது. டேப் பெட்டிக்குள் போகும்வரை அந்த வீட்டில் காபி, மோர், தண்ணீர் எதையும் தொடக் கூடாது. மைசூரில் இரண்டாவது விதியைக் காப்பாற்றுவது பெரும்பாடு. வீட்டுக்கு வந்தவர் காபி வேண்டாம் என்றால் இங்கே அது கோபம் என்று பொருள். பல வீடுகளில் நாங்கள் அளந்து முடிப்பதற்குள் குடும்பமே கலங்கிப்போய் நின்றிருக்கிறது.

அண்ணாவைப் பற்றிச் சொல்லும்போது அவரை ஒரு மேதையாக்கிவிட எனக்கு உத்தேசமில்லை. அவரிடம் தன்னடக்கம் கிடையாது. இருந்திருக்க வேண்டிய காரணங்கள் நிறைய இருந்தன. தரையைக் குதிகாலால் இரண்டு தட்டுத் தட்டி, கட்டிடத்தின் வயதைச் சொல்லிவிடுவேன் என்பார். சொல்லவும் செய்வார். பத்திரத்தை எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் தப்பாக இருக்கும். “அப்ப பத்திரத்துல தப்பு” என்பார். பெருக்கல் வராது. கிணறு இருக்கிற வீடு என்றால் அது வறண்ட கிணறானாலும் மதிப்பை ஏற்றிவிடுவார், ஏன் என்றால், “தண்ணி வராதுன்னு நீங்க எழுதித் தருவீங்களா?” என்பார். அவர் அறிக்கைகளின் கூட்டல்களை நான் சரிபார்ப்பேன். என் அறிக்கைகளில் நான் பயந்துபோய்க் குறைத்துப் போட்ட மதிப்புகளைப் பார்த்து அவர், “இது வெலையா, இரங்கல் செய்தியா?” என்பார். இப்படியாக எங்கள் இருவரையும் கூட்டினால் ஒரு சுமாரான மதிப்பீட்டாளர் தேறுவார்.

பிறகு சுற்றறிக்கை வந்தது.

மேலாளர் மாறியிருந்தார். புதியவர் எங்களை அறைக்குள் கூப்பிட்டு, உட்காரச் சொல்லி, கன்னடத்தில் ரொம்பவும் மரியாதையாகப் பேசினார். மரியாதை கூடுதலாக இருந்தபோதே எனக்குச் சந்தேகம் தட்டியது. அரசுப் பதிவேட்டில் பெயர் உள்ள மதிப்பீட்டாளர்களைத் தவிர வேறு யாருடைய கையெழுத்தையும் இனிமேல் ஏற்கக் கூடாது என்று தலைமையகம் சொல்லிவிட்டதாம். பதிவு பெறுவதற்குப் பட்டம் வேண்டும், அல்லது பட்டத்துக்குச் சமமான தேர்வு. கூடவே பத்து வருட அனுபவம். ஏற்கெனவே பட்டியலில் இருப்பவர்களுக்குச் சில வருட அவகாசம் உண்டு.

என்னிடம் பட்டம் இருந்தது. காம்பவுண்டுச் சுவர் உட்பட அனுபவமும் எப்படியோ பத்து வருடத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. மேலாளர் என்னைப் பார்த்துவிட்டுச் சட்டென்று பார்வையை மேஜைக் கண்ணாடிக்கு மாற்றிக்கொண்டார். அறையில் இருந்த மூன்று பேரில் அண்ணா மட்டும் இயல்பாக இருந்தார்.

“சமமான பரிச்சைன்னா எதுங்க சார்?” என்று கேட்டார்.

இஞ்சினியர்களின் அமைப்பு ஒன்று நடத்தும் தேர்வு அது. வேலை பார்த்துக்கொண்டே எழுதலாம். இரண்டு பாகம். எழுதுகிறவர்களில் பாதிப் பேர் முதல் பாகத்தின் கணிதத்தோடு நின்றுவிடுவார்கள் என்று கேள்வி. வெளியே வந்து ஸ்கூட்டரை உதைக்கும்போது நான் அதைச் சொன்னேன்.

“மீதிப் பாதிப் பேரு பாஸ் பண்றாங்கல்ல?” என்றார் அண்ணா. “வண்டிய எடுங்க.”

அப்போது அவர் மகள் மைசூரிலேயே சிவில் இஞ்சினியரிங் படித்துக்கொண்டிருந்தாள். கன்னடம்தான் அவளுக்கு முதலில் வாயில் வரும். தமிழைக் கவனமாக, அடுத்தவர் வீட்டுப் பாத்திரம்போல் எடுத்துப் புழங்குவாள். அப்பாவுக்குக் கணக்கு வாத்தியார் அவள்தான். விஜயநகரில் அவர்கள் வீட்டுக்கு எப்போது போனாலும் முன்னறையில் ஒரே பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருப்பார்கள். அண்ணாவின் மனைவி சமையலறை வாசலில் நின்று, யார் யாரைத் திட்டுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருப்பார்.

“அப்பா, ஃபார்முலா போட்டா ஆச்சு. அஷ்டே, அவ்ளோதான். நீ ஏன் அத்தோட சண்டை போட்றே?”

“இந்த எக்ஸு எங்கிருந்து வந்துச்சுன்னு கேட்டேன். அது குத்தமா?”

“எக்ஸ் எங்கிருந்தும் வராது. அது இருக்கும்.”

“ஒரு சைட்டுக்குப் போனா, இந்தச் சுவரு எங்கிருந்து வந்துச்சுன்னு கேக்கோணுமல்ல?”

“அம்மா, நோடு, இங்க பாரு, இவரு எக்ஸுக்குப் பத்திரம் கேக்கறாரு.”

அண்ணி என்னைப் பார்த்து, “நீங்களாவது சொல்லுங்கண்ணா. வயசாயிருச்சு, இந்தத் தலையில இனிமே ஏறுமா?” என்பார். ஆனால் அவர்தான் அண்ணாவின் கண்ணாடியைத் துடைத்துப் புத்தகத்தின் மேல் வைப்பார். எனக்கு என் கல்லூரி நாட்களில் யாரும் எதையும் துடைத்து வைக்கவில்லை. நான் முதல் முறையிலேயே தேறினேன் என்பதைத் தவிர, என் படிப்பைப் பற்றிச் சொல்ல இன்று எதுவும் நினைவில்லை.

இதற்கிடையே ஊரில் இருந்த மதிப்பீட்டாளர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்தோம். தொழிலுக்குத் தரம் வேண்டும் என்று திடீரென்று எல்லாருக்கும் தோன்றிவிட்டது. தலைமையகங்கள் சுற்றறிக்கை அனுப்பினால் இப்படித் தோன்றும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பள்ளிக்கூடத்தில் வகுப்பு. நாலாம் வகுப்புக் குழந்தைகளின் பெஞ்சுகளில் நாற்பதைத் தாண்டிய ஆட்கள் முழங்காலை மோவாயில் முட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நில மதிப்பு, தேய்மானம், வாடகைக் கணக்கு என்று ஆளுக்கொரு பாடம் எடுத்துக்கொண்டார்கள். யாரும் எடுக்காமல் மிஞ்சியது தொழில் நெறி. அதை எனக்குக் கொடுத்தார்கள். நெறியுள்ளவன் என்பதற்காக அல்ல. அந்தக் கூட்டத்துக்கு நான் தாமதமாகப் போயிருந்தேன்.

ஒரு புத்தகத்தைப் பார்த்து நன்றாகவே பேசினேன் என்று நினைக்கிறேன். மதிப்பீட்டாளர் தனக்குச் சம்பந்தமுள்ள சொத்தை மதிப்பிடக் கூடாது. சம்பந்தம் இருப்பதாகப் பிறருக்குத் தோன்றக்கூடிய இடத்தில் அதை அறிக்கையின் தலையிலேயே சொல்லிவிட வேண்டும். கையெழுத்துப் போடுகிறவர் அந்த இடத்தைத் தன் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். இன்னொருவர் பார்த்துவந்ததற்குத் தான் கையெழுத்துப் போடுவது கூடவே கூடாது. கடைசியாகச் சொன்னபோது பெஞ்சுகளில் லேசான சிரிப்பு எழுந்தது. ஊரில் அப்போது சிலர் ஸ்கூட்டரை நிறுத்தாமலே வீடுகளைப் பார்த்துவிடுவார்கள். சிலர் ஸ்கூட்டரையே எடுப்பதில்லை.

கடைசிப் பெஞ்சிலிருந்து ஒரு கை உயர்ந்தது. அண்ணா. அவர் மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

“சார், ஒரு சந்தேகம்” என்றார். வகுப்பில் அவர் என்னைச் சார் என்றுதான் அழைத்தார், கிண்டலுக்கல்ல. “பார்த்துட்டு வந்தவரு ரொம்ப நம்பிக்கையான ஆளா இருந்தா?”

“இருந்தாலும் கூடாது.”

“கூடப்பொறந்தவனாட்டம்?”

“யாராக இருந்தாலும் கூடாது. பார்த்தவர்தான் கையெழுத்துப் போட வேண்டும்.”

“சரிங்க சார்” என்று எழுதிக்கொண்டார். அந்த வகுப்பில் நான் சொன்ன எதையாவது யாராவது எழுதிக்கொண்டார்கள் என்றால் அது இது ஒன்றுதான்.

கணிதத்தில் அவர் இரண்டு முறை தவறினார். அந்த நாட்களில் தரையைத் தட்டிப் பார்ப்பதைக்கூட விட்டுவிட்டார். மூன்றாம் முறை தேறினார். இரண்டாம் பாகத்தை ஒரே மூச்சில் முடித்தார். முடிவு வந்த மாதமே அவர் மகளும் பி.இ. முடித்தாள். அண்ணி தெருவில் எல்லா வீட்டுக்கும் கேசரி கொடுத்தனுப்பினார். யாருக்காக என்று கேட்டவர்களுக்கு, “ரெண்டு பேரும் இஞ்சினியர் ஆயிட்டாங்க” என்றாராம். அன்று அண்ணா என்னை முதல் தடவையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். இஞ்சினியரே என்று இனிமேல் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட முடியாதே என்றார்.

வங்கி கொடுத்த அவகாசம் முடிய இன்னும் கொஞ்ச காலம் இருந்தது. பதிவுக்கு நேரிலேயே போய் விண்ணப்பித்துவிடலாம் என்று இருவரும் காலை ரயிலில் பெங்களூர் போனோம். எனக்கும் பதிவு வேண்டியிருந்தது. அண்ணா வெள்ளைச் சட்டை போட்டு, தான் எழுதிய அறிக்கைகளின் நகல்களை ஒரு பெரிய கட்டாகக் கட்டி எடுத்துவந்திருந்தார். மத்தூரில் வடை வாங்கியபோது எண்ணெய் பட்டுவிடும் என்று கட்டை என் மடிக்கு மாற்றினார்.

அலுவலகத்தில் எங்களைப் பார்த்த குமாஸ்தா நாங்கள் பேசுவதைக் கேட்டு, தானும் தமிழ்தான் என்று சொல்லி நாற்காலி எடுத்துப் போட்டார். என் காகிதங்களைப் பார்த்து ஓரமாக வைத்தார். அண்ணாவுடையதை நிதானமாகப் பார்த்தார். தேர்வுச் சான்றிதழைப் பார்த்ததும், “இந்த வயசுல முடிச்சீங்களா சார்? பெரிய விஷயம்” என்றார். உண்மையாகத்தான் சொன்னார். பிறகு மறுபடியும் முதல் பக்கத்துக்குப் போனார்.

“எல்லாம் சரியா இருக்கு சார். அனுபவம் எங்க?”

அண்ணா கட்டைத் தூக்கி மேஜைமேல் வைத்தார். “இது பூரா அனுபவந்தானுங்க.”

“இது பாஸ் பண்றதுக்கு முன்னாடி பண்ணது சார். தகுதி வந்த தேதிக்கு அப்புறம் பத்து வருஷம் இருக்கணும்.”

“முன்னாடி பண்ணுனது?”

“கணக்குல வராது.”

“அப்ப இத்தன ஊட்டையும் பார்த்தது யாருங்க?”

குமாஸ்தா நல்ல மனிதர். அந்தக் கேள்வியைத் தள்ளிவிடவில்லை. “நீங்கதான் சார் பார்த்தீங்க. ஆனா தகுதி இல்லாம பார்த்தீங்க. ரூல்ஸ் அப்படித்தான் பார்க்கும்.”

நான் வாதாடினேன். மேலதிகாரியைப் பார்க்க வேண்டும் என்றேன். பார்த்தோம். அவரும் உட்காரச் சொன்னார், அவரும் வருத்தப்பட்டார். அன்றைக்கு யாராவது ஒருவர் எங்களை அலட்சியமாக நடத்தியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். கோபப்பட ஓர் ஆள் கிடைத்திருப்பார்.

திரும்பும் ரயிலில் ராமநகரம் தாண்டும்வரை அண்ணா ஜன்னலுக்கு வெளியே பாறைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்:

“ஒரு பழைய ஊடு. மேல புதுசா சுண்ணாம்பு அடிச்சிருக்கு. வயசு எதுலயிருந்து போடுவீங்க?”

“கட்டின வருஷத்திலிருந்துதான்.”

“இவிய சுண்ணாம்பு அடிச்ச தேதியிலயிருந்து போடறாங்க.”

வீட்டுக்குப் போனபோது அண்ணியும் மகளும் வாசலிலேயே நின்றிருந்தார்கள். அண்ணா நடந்ததைச் சொன்னார். சுருக்கமாக, கொஞ்சம் வேடிக்கையாகவே சொன்னார். மகள் முதலில் புரியாமல் கேட்டாள்; பிறகு சிரித்துவிட்டாள்.

“அப்பிடின்னா எனக்கும் உனக்கும் எக்ஸ்பீரியன்ஸ் ஒரே மாசத்துல ஸ்டார்ட்டா? நாம ரெண்டு பேரும் பேட்ச்மேட் அப்பா.”

அண்ணாவும் சிரித்தார். அவள்தான் முதலில் நிறுத்தினாள். சொன்னது என்ன என்று சொன்ன பிறகு அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். உள்ளே போய்விட்டாள். குழாயைத் திறந்துவிட்டு முகம் கழுவும் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது.

எனக்குப் பதிவு வந்தது. அட்டையில் எண் போட்டு, வட்ட முத்திரை குத்தி. அதை வாங்கிய அன்றே அண்ணா வீட்டுக்குப் போனேன். ஸ்கூட்டரில் போகும்போதே பேச்சைத் தயாரித்துக்கொண்டேன். பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் என்ன, எப்போதும்போல் இருவரும் சேர்ந்து போவோம், அவர் பாட்டுக்கு அவர் வேலைகளைப் பார்க்கட்டும், எழுதட்டும், கையெழுத்து மட்டும் நான் போடுகிறேன், வருமானம் அவருடையது. ஊரில் நடக்காத காரியமா? இன்றைக்கும் அது தப்பான யோசனை என்று எனக்குத் தோன்றவில்லை. மறுபடி அந்த நாள் வந்தால் மறுபடியும் அதையே சொல்வேன்.

அண்ணா முழுக்கக் கேட்டார். எழுந்து போய் வகுப்பு நோட்டை எடுத்துவந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கம் தேடினார்.

“‘யாராக இருந்தாலும் கூடாது. பார்த்தவர்தான் கையெழுத்துப் போட வேண்டும்.’ யாரு சொன்னதுங்க இது?”

“அண்ணா, அது ஏதோ புத்தகத்தைப் பார்த்துப் படித்தது.”

“நான் அதப் பரிச்சையில எழுதிப் பாஸ் பண்ணியிருக்கேன் இஞ்சினியரே” என்றார். மறுபடியும் அந்த இஞ்சினியரே வந்துவிட்டது. இந்தத் தடவை அதில் குத்தல் துளியும் இல்லை.

அவகாசம் முடிந்த பிறகு மேலாளர் அவரை அழைத்துக் கைகுலுக்கி அனுப்பினார். நான் தனியாக அளக்கப் பழகினேன். வளையத்துக்குள் ஒரு பெரிய ஆணியை விட்டு, மண்ணில் குத்தி நிறுத்துவேன். சிமெண்டுத் தரையாக இருந்தால் பக்கத்து வீட்டிலிருந்து யாரையாவது கூப்பிடுவேன். சில வீடுகளில், “இன்னொரு சார் வரலியா?” என்று கேட்டார்கள். அவர் ஊரில் இல்லை என்றேன். அப்போது அவர் ஊரில்தான் இருந்தார். யாரோ ஒரு காண்ட்ராக்டரிடம் செங்கல் எண்ணிக்கொண்டிருந்தார்.

பிறகு கொள்ளேகாலில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் குழாய், சானிட்டரி சாமான் விற்கும் கடை ஒன்று வைக்க முடிவு செய்தார். மகளுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்திருந்தது. விஜயநகர் வீட்டை அடகு வைத்து அதே வங்கியில் கடன் கேட்டார். வங்கி மதிப்பீட்டுக்கு என்னை அனுப்பியது. நான் மேலாளரிடம் போய், அவர் என் நண்பர், வேறு யாரையாவது அனுப்புங்கள் என்றேன். கிளைப் பட்டியலில் இப்போது என்னை விட்டால் வேறு யாரும் இல்லை, புதிதாக ஒருவரைச் சேர்க்க மாதக்கணக்காகும் என்றார் அவர். அண்ணாவிடமே போய்ச் சொன்னேன்.

“அறிக்கையோட தலையிலயே எழுதிப்போடுங்க. தெரிஞ்சவருன்னு எழுதுங்க. சொல்லாம செய்யறதுதான் தப்பு. உங்க வகுப்புத்தானே?” என்றார்.

ஒரு காலை வேளையில் போனேன். முப்பதடிக்கு நாற்பதடி மனையில் அவரே நின்று கட்டிய வீடு. அண்ணி வாசலுக்கு வந்து, “வாங்கண்ணா” என்றவர், அண்ணா பார்த்த பார்வையில் காபி என்ற பேச்சை எடுக்காமல் உள்ளே போய்விட்டார். முற்றத்தில் எல்லாம் பெருக்கிச் சுத்தமாக இருந்தது. பத்திரம், வரி ரசீது, வரைபடம் மூன்றும் ஒரு ஸ்டூலின் மேல், மேலே ஒரு கல் வைத்துத் தயாராக இருந்தன. எத்தனையோ வீடுகளில் எத்தனையோ பேர் எங்களுக்காக இப்படி எடுத்து வைத்திருந்திருக்கிறார்கள். அண்ணா சட்டை போட்டு, தலை வாரி, கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றார். எல்லா வீட்டுக்காரர்களையும்போல.

நான் தோல் பெட்டியைத் திறந்து டேப்பை இழுத்தேன். சுற்றிலும் சிமெண்டுத் தளம், ஆணி இறங்காது. என்ன செய்யலாம் என்று யோசிப்பதற்குள் அண்ணா வந்து வளையத்தை வாங்கிக்கொண்டார். கேட்கவும் இல்லை, யோசிக்கவும் இல்லை. வடகிழக்கு மூலைக்குப் போய் ஒற்றைக் காலை மடக்கி உட்கார்ந்து, சுவரின் விளிம்பில் வளையத்தை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். “போங்க” என்றார். நானும் போனேன். அடுத்த மூலை வரைக்கும் பின்னோக்கி நடந்து, டேப்பை இழுத்துப் பிடித்து, எண்ணைப் படிக்கக் குனிந்துவிட்டேன்.

டேப் தளர்ந்தது.

நிமிர்ந்து பார்த்தபோது அண்ணா எழுந்து நின்றிருந்தார். வளையம் தரையில் கிடந்தது. அவர் தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பிடிங்கண்ணா. நீங்கள் பிடிக்காமல் யார் பிடிப்பார்கள்?” என்றேன்.

“இல்லீங்க” என்றார். “நான் இங்க உடமக்காரன்.”

பக்கத்து வீட்டில் ஓய்வு பெற்ற ரயில்வேக்காரர் ஒருவர் இருந்தார். அவரைக் கூப்பிட்டுவந்து வளையத்தைக் கொடுத்துவிட்டு, அண்ணா தன் வீட்டு கேட்டைத் திறந்துகொண்டு தெருவுக்குப் போய் நின்றார். ரயில்வேக்காரருக்கு வளையத்தை எப்படிப் பிடிப்பது என்று தெரியவில்லை. நோட்டு எண்ணுகிறவர்போல இரண்டு விரலால் பிடித்தார். டேப் நடுவில் தொய்ந்தது. தொய்ந்தால் எண் கூடுதலாகக் காட்டும், வீடு பெரிதாகும். நான் எண்ணைப் படிக்கக் குனிந்தேன். அப்படியே படித்துக்கொண்டு போயிருப்பேன்.

கேட்டுக்கு வெளியிலிருந்து குரல் வந்தது.

“தொங்குது சார். இன்னும் கொஞ்சம் இழுத்துப் புடிங்க. சுவத்தோட ஒட்டி.”

ரயில்வேக்காரர் இழுத்துப் பிடித்தார். அண்ணா கம்பிகளுக்கு ஊடாகப் பார்த்துக்கொண்டே நான்கு பக்கத்துக்கும் அவருக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். நான் எண்களைக் குறித்துக்கொண்டேன். அறைகளுக்குள் போய் அளந்தேன். முன்னறையில் அந்தப் பெஞ்சு இருந்தது. ஓரத்தில் யாரோ பேனாவால் ஒரு எக்ஸ் போட்டு, அடியில் கேள்விக்குறி போட்டிருந்தார்கள்.

வெளியே வந்து கைப்பிடியைச் சுழற்றி டேப்பைச் சுற்றினேன். ரயில்வேக்காரர் விடைபெற்றுப் போனார். அண்ணா இன்னும் தெருவிலேயே இருந்தார்.

“உள்ள போயிருச்சா?” என்று கேட்டார்.

வளையம் பெட்டியின் வாயில் வந்து தட்டி நின்றது. “போய்விட்டது அண்ணா” என்றேன்.

அவர் கேட்டைத் திறந்தார். படியில் செருப்பை விட்டு, மிதியடியில் காலை இரண்டு முறை துடைத்து, வேறு யாரோ வீட்டுக்குள் வருவதுபோல் நிதானமாக உள்ளே வந்து என் எதிரே உட்கார்ந்தார். “இப்பக் கொண்டா” என்று சமையலறைப் பக்கம் பார்த்துச் சொன்னார். அண்ணி இரண்டு டம்ளர் காபியை வைத்துவிட்டு, முகத்தைக் காட்டாமல் உடனே திரும்பிப் போனார். தொகை எவ்வளவு போடுவேன் என்று அண்ணா கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்பது அவருக்குத் தெரியும்.

காபியில் சர்க்கரை இல்லை, அண்ணி மறந்திருந்தார். அண்ணா ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்தார். நானும் குடித்தேன். இருவரும் உள்ளே குரல் கொடுக்கவில்லை. முழுக்கக் குடித்து முடித்தோம்.